துக்க நாளில் நம்ம கடை: மூன்று நாள் விதி வேண்டுமா, வேண்டாமா?

செங்காங் சேலைக்காரி | வியாழன் இரவு 9:10

சிங்கப்பூரில் வீட்டிலிருந்து வியாபாரம் செய்கிற நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். இங்கே பலரும் அதில் இருப்பவர்கள்தான். அந்தக் குழுவுக்கு ஒரு விதி எழுதினேன்: நாட்டில் பெரிய துக்கம் நேர்ந்து கொடி அரைக் கம்பத்தில் பறந்தால், குழுவில் உள்ள எல்லோரும் மூன்று நாள் வியாபாரத்தை நிறுத்த வேண்டும். ஆர்டர் எடுக்கக் கூடாது, லைவ் போகக் கூடாது, பதிவும் போடக் கூடாது. மீறினால் குழுவில் இருக்க முடியாது. நேற்றிலிருந்து அங்கே சண்டை. வாட்ஸ்அப்பில் நூறு செய்திக்குள் எது யாருக்குப் பதில் என்றே தெரியவில்லை, அதனால் இங்கே வந்தேன். ஞாயிறு வாக்கெடுப்பு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். என் சொந்த அவமானம்தான். 2015 மார்ச் 23, திங்கட்கிழமை. அதிகாலை 3.18க்கு நம் முதல் பிரதமர் லீ குவான் இயூ இறந்துவிட்டார். எழுந்ததும் செய்தி பார்த்தேன், அம்மாவுக்கு போன் செய்தேன், இரண்டு பேரும் அழுதோம். சனிக்கிழமையே நேரம் குறித்து வைத்திருந்த என் ஃபேஸ்புக் பதிவு காலை 9 மணிக்குத் தானாகப் போய்விட்டது. "திங்கள் கொண்டாட்டம்! இன்று மட்டும் 20 விழுக்காடு தள்ளுபடி!" நான் பார்த்தபோது மணி பதினொன்றேகால். கீழே வந்திருந்த கருத்துகளை இங்கே எழுத மாட்டேன். அந்த வாரம் அவருக்கு அஞ்சலி செலுத்த பாடாங் திடலில் வரிசையில் ஏழு மணி நேரம் நின்றேன். அப்போதும் பக்கத்தில் நிற்பவர் யாராவது என் கடைக்காரர் முகத்தை அடையாளம் கண்டுவிடுவாரோ என்று பயம்.

உட்லண்ட்ஸ் மாவுக்காரன் | வியாழன் இரவு 9:41

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு உங்களைத் திட்டியவர்கள் கடை திறந்திருந்ததற்காகத் திட்டினார்களா, "கொண்டாட்டம்" என்ற சொல்லுக்காகத் திட்டினார்களா? இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள்.

நான் இட்லி மாவு விற்கிறவன். அரிசியும் உளுந்தும் முந்தின நாளே ஊறிவிடும். நம்ம ஊர் சூட்டில் அரைத்த மாவு ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கி டப்பா மூடியைத் தள்ளும். வீட்டு ஃபிரிட்ஜில் எத்தனை டப்பா அடுக்க முடியும்? துக்கச் செய்தி காலையில் வரும், மாவு அதற்கு முன்னாலேயே புளித்திருக்கும். கீழே கொட்டச் சொல்கிறீர்களா? சாப்பாட்டுப் பொருளைக் கொட்டுவதில் என்ன மரியாதை இருக்கிறது?

இன்னொன்று. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தொழில் செய்கிற நாம் வெளியாளை வேலைக்கு வைக்க முடியாது. செய்கிறவனும் நான், கொண்டுபோய்க் கொடுக்கிறவனும் நான். மூன்று நாள் என்றால் என் மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த மார்ச் வாரத்தில் பேரங்காடிகள் மூடவில்லை, கோப்பிக்கடை மூடவில்லை, வரிசையில் நிற்பவர்களுக்காக எம்ஆர்டி ரயில் இரவெல்லாம் ஓடியது. நம்மை மட்டும் ஏன்?

ஜூரோங் டீஷர்ட் | வியாழன் இரவு 10:02

நான் அக்கா பக்கம். அண்ணே, பேரங்காடிக்கு முகம் கிடையாது. நமக்கு இருக்கிறது. வாங்குகிறவர்கள் நம் பெயர் சொல்லி, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்த நெருக்கத்தை வைத்துத்தான் சம்பாதிக்கிறோம். அப்படிப்பட்டவர்கள் அழுதுகொண்டிருக்கும்போது "ஸ்டாக் வந்துவிட்டது" என்று நான் எப்படிச் சொல்வது?

பெரிய நிறுவனங்களே இதில் மாட்டியிருக்கின்றன. 2012 அக்டோபரில் அமெரிக்காவில் சாண்டி புயல் அடித்தபோது, அமெரிக்கன் அப்பேரல் என்ற துணிக் கம்பெனி, புயலில் வீட்டில் அடைந்து கிடப்பவர்களுக்கு 20 விழுக்காடு தள்ளுபடி என்று மின்னஞ்சல் அனுப்பியது. அடுத்த ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்கு மறுநாள், எபிக்யூரியஸ் என்ற சமையல் தளம் பாஸ்டனுக்கு மரியாதையாக இந்தப் பலகாரம் செய்யுங்கள் என்று ட்வீட் போட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. கடையை முழுதாக மூடியவன் இப்படி மாட்டவே மாட்டான். இணைய விற்பனைத் தளத்தில் விடுமுறை நிலையைத் தட்டினால் முடிந்தது. ஒரு காசு செலவில்லை.

உட்லண்ட்ஸ் மாவுக்காரன் | வியாழன் இரவு 10:09

உனக்குச் செலவில்லை தம்பி. டீஷர்ட் புளிக்காது.

பொங்கோல் கணக்குப்பிள்ளை | வியாழன் இரவு 10:30

விடுமுறை நிலை போட்டால் புது ஆர்டர்தான் நிற்கும். முன்பே வந்த ஆர்டரை அனுப்பியே ஆக வேண்டும், தாமதித்தால் கடைக்குத் தண்டனைப் புள்ளி விழும். காசு கட்டின விளம்பரம் ஃபேஸ்புக்கில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும், அதையும் தனியாகப் போய் நிறுத்த வேண்டும். ஆக, "மூடினேன்" என்கிறவர் கையில் பார்சல், விளம்பரத்தில் அவர் சிரித்த முகம். இதை எந்த விதி பார்த்துக்கொள்ளும்?

அந்த மூன்று நாள் என்ற எண் எங்கிருந்து வந்தது அக்கா? 2015 மார்ச்சில் தேசியத் துக்கம் 7 நாள், 23 முதல் 29 வரை. அதே ஆண்டு ஜூன் 5, மலேசியாவின் சபாவில் நிலநடுக்கம். கினபாலு மலையில் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 7 பேர், ஆசிரியர் 2 பேர், வழிகாட்டி ஒருவர், ஆக நம்மவர் 10 பேர் இறந்தார்கள். அதற்குத் தேசிய நினைவு நாள் ஒன்றே ஒன்று, ஜூன் 8. உங்கள் விதி முதலாவதற்குக் குறைவு, இரண்டாவதற்கு அதிகம்.

அப்போது இங்கே தென்கிழக்காசிய விளையாட்டுகள் நடந்துகொண்டிருந்தன. நிறுத்தினார்களா? இல்லை. ஜூன் 8 அன்று எல்லா அரங்கிலும் ஒரு நிமிட மௌனம், அரைக் கம்பத்தில் கொடி, அப்புறம் போட்டி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு அப்படித்தான் நடந்துகொண்டது. நான் அதைக் கல்நெஞ்சம் என்று சொல்ல மாட்டேன்.

தேக்கா பூமாலை | வெள்ளி காலை 6:15

இப்போதுதான் மாலை கட்டி முடித்தேன். எங்களுக்குத் துக்க நாள்தான் வேலை நாள். மூடினால் பூ கேட்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்ல? இதற்கு மேல் எனக்கு வாதம் தெரியாது.

ஜூரோங் டீஷர்ட் | வெள்ளி காலை 8:20

பூக்கடைக்கு விலக்கு கொடுக்கலாம். உடனே மாவுக்கும் கேட்பார்கள், அப்புறம் கேக், அப்புறம் மருதாணி. கடைசியில் விதியில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

ஒரு யோசனை. மூட முடியாதவர்கள் அந்த மூன்று நாள் லாபத்தில் பாதியை நன்கொடை என்று அறிவித்து விற்கலாமே?

பொங்கோல் கணக்குப்பிள்ளை | வெள்ளி காலை 8:55

கொடு. அறிவிக்காதே. அந்த மார்ச் வாரத்தில் ஒரு பேக்கரி நிறுவனம் நினைவுப் பன் என்று போட்டு, வருமானத்தை அறப்பணிக்குத் தருவதாகவும் சொன்னது. ஊரே திட்டியதும் மன்னிப்புக் கேட்டு நிறுத்தியது. எண்ணம் கெட்டதாக இருந்திருக்காது, ஆனால் சாவு வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டின மாதிரி ஆகிவிட்டது. அதுவும் வெளிநாட்டுத் துயரத்துக்குப் பொதுமக்களிடம் காசு திரட்டினால், அறநிறுவன ஆணையரிடம் அனுமதி வாங்க வேண்டும். தெரியாமல் செய்துவிட்டு விழிக்காதே தம்பி.

செங்காங் சேலைக்காரி | வெள்ளி பகல் 12:40

எல்லோரும் கணக்கும் சட்டமும் பேசுகிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். நம்மால் மூன்று நாள் ஒரு இழப்பைத் தாங்க முடியாதா? 2020இல் நோய்த்தொற்றுக்காக வீட்டு உணவு வியாபாரத்தை நிறுத்தச் சொன்னார்கள், மே 12ஆம் தேதிதான் திரும்ப விட்டார்கள். மாவுக்காரத் தம்பி உள்பட எல்லோரும் நிறுத்தினோம், பிழைத்தோம். சட்டம் சொன்னால் முடியும், மனசு சொன்னால் முடியாதா?

உட்லண்ட்ஸ் மாவுக்காரன் | வெள்ளி பகல் 1:05

அப்போது நிறுத்தாவிட்டால் மற்றவர்களுக்கு நோய் போகும். இப்போது நான் நிறுத்தினால் யாருக்கு என்ன கிடைக்கும்? பிழைத்தோம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். நான் அந்த வாரங்களில் மனைவியின் வளையலை அடகு வைத்தேன். மீட்க இரண்டு வருடம் ஆனது.

செங்காங் சேலைக்காரி | வெள்ளி பகல் 1:12

அது எனக்குத் தெரியாது தம்பி. மன்னிக்கணும்.

நாகைப் பெண் | வெள்ளி மாலை 5:30

நான் இதுவரை பேசவில்லை, வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறேன். "நாட்டுத் துக்கம்" என்கிறீர்களே, எந்த நாட்டின் துக்கம்? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். நான் அப்போது சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். ஞாயிறு என்றால் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். என் சித்தப்பா வீட்டில் மூன்று பேர். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று போன் போட்டுக்கொண்டே இருந்தேன், கிடைக்கவே இல்லை.

முதலாளி கடையைச் சாத்தவில்லை. பாட்டை நிறுத்தினார். வாசலில் நின்று "வாங்க வாங்க" என்று கூப்பிடும் பையனை உள்ளே வரச் சொன்னார். பின்னால் ஒரு மூலையை ஒதுக்கி, நிவாரணத்துக்குப் போர்வையும் வேட்டியும் கொண்டுவந்து போடச் சொன்னார். என்னைக் கணக்கு எழுத உட்கார வைத்தார். அன்று கடை மூடியிருந்தால் நான் அறையில் தனியாக இருந்து என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. மாத முடிவில் முழுச் சம்பளம் வந்தது, அப்படியே ஊருக்கு அனுப்பினேன். உங்கள் விதியில் அந்தச் சம்பளம் எங்கிருந்து வரும் அக்கா?

பழைய தேக்கா | வெள்ளி இரவு 8:48

மகளே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் அதைவிடப் பழைய கதை சொல்கிறேன். 1986 மார்ச் 15, சனிக்கிழமை காலை. சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டம். 33 பேர் பலி, 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வரைபடம் போட்டிருந்தார்கள் என்று பிறகு விசாரணையில் வந்தது. எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் வந்து இடிபாட்டுக்குள் துளை போட்டார்கள். என் மாமாவின் மளிகைக்கடை கொஞ்ச தூரத்தில்தான். அவர் கடையைச் சாத்தியிருந்தால் அந்தத் தெருவில் நின்ற சனத்துக்கு இரவில் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் யார் தருவார்? திறந்துதான் வைத்தார். வானொலி மட்டும் இல்லை. யாரும் பேரம் பேசவும் இல்லை.

அவர் அதைத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தார். ஊரில் பாடை தெருவுக்குள் வந்தால் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குவார். தராசைக் கீழே வைப்பார். வாசலில் வந்து நிற்பார். பாடை தாண்டியதும் ஷட்டர் ஏறும், உளுந்து நிறுப்பார். செத்தவர் பெரிய மனிதரா, தெருக்கூட்டுகிறவரா என்றெல்லாம் கேட்க மாட்டார். முழுசாகச் சாத்துவது சொந்த வீட்டுச் சாவுக்கு மட்டும்.

செங்காங் சேலைக்காரி | வெள்ளி இரவு 9:20

ஐயா, இன்ஸ்டாகிராமுக்கு ஷட்டர் கிடையாதே. பாதி இறக்குவது எப்படி?

பொங்கோல் கணக்குப்பிள்ளை | வெள்ளி இரவு 9:33

கூப்பிடுகிறதை எல்லாம் நிறுத்துங்கள். லைவ், தள்ளுபடி, காசு கட்டின விளம்பரம், நேரம் குறித்த பதிவு. வருகிறவர்களுக்குக் கொடுங்கள். நாகைக்காரம்மாவின் முதலாளி அந்தப் பையனை உள்ளே வரச் சொன்னாரே, அதேதான்.

ஜூரோங் டீஷர்ட் | வெள்ளி இரவு 9:50

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமைதியாக விற்பதும் விற்பதுதான். அந்த நாளில் போனில் "கிளிங்" என்று பேநவ் வழியாக வங்கிக் கணக்கில் காசு விழும்போது எனக்குக் கூசும். உங்களுக்குக் கூசாது என்றால் சரி, குறை சொல்லவில்லை. நான் மூடுவேன். விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூடுவேன்.

உட்லண்ட்ஸ் மாவுக்காரன் | வெள்ளி இரவு 9:58

அதைத்தான் தம்பி நானும் சொல்கிறேன். நீ மூடுவது உன் மனசு. என் மாவைக் குழுவிலிருந்து நீக்குவதில் துக்கம் எங்கே இருக்கிறது?

செங்காங் சேலைக்காரி | சனி காலை 7:25

இரவெல்லாம் யோசித்தேன். நீக்குகிற வரியை எடுத்துவிட்டேன். "ஆர்டர் எடுக்கக் கூடாது" என்பதையும் அடித்துவிட்டேன், ஆனால் மனசில்லாமல்தான். மூன்று நாள் போய், கொடி இறங்கி இருக்கிறவரை என்று மாற்றியிருக்கிறேன். லைவ், பதிவு, விளம்பரம், மூன்றும் கிடையாது, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஞாயிறு இதை வைத்தே வாக்கெடுக்கலாம். டீஷர்ட் தம்பி எதிர்த்துப் போடுவான், தெரியும்.

ஒரு உதவி. நேரம் குறித்து வைத்த பதிவுகளை ஃபேஸ்புக்கில் மொத்தமாக நிறுத்த எங்கே தட்ட வேண்டும்? பத்து வருடமாகியும் ஒவ்வொன்றாகத்தான் அழித்துக்கொண்டிருக்கிறேன்.