குடியை விட்டு 47 நாள், சாயங்காலம்தான் பயமாக இருக்கிறது

முதலியார்பேட்டைவாசி:
வேலை முடிந்து வரும் வழியில் மூன்று பிராந்திக் கடை. ஆறு மணியானால் வண்டி தானாக அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தேவனாம்பட்டினத்தான்:
முதலில் வழியை மாற்றுங்கள் தம்பி, சுற்றுவழியானாலும் சரி. நான் விட்டு 4 வருஷம்; பசி எது, குடி ஆசை எது என்று எனக்கு ஆரம்பத்தில் பிரித்தே தெரியாது, அதனால் கிளம்பும் முன் சுண்டலோ வாழைப்பழமோ சாப்பிட்டுவிடுவேன், பாதி வேகம் அடங்கிவிடும். மீதியை அரைமணி நேரம் தள்ளிப்போட்டால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

குயவர்பாளையம் அக்கா:
என் வீட்டுக்காரரும் இப்படித்தான் தவித்தார். ஆறு மணிக்கு மேல் நம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள் இல்லையா, காந்தி சிலையிலிருந்து இருவரும் நடப்போம். சம்பளப் பணம் என்னிடம் இருக்கட்டும் என்று அவரே சொன்னார். டைசல்ஃபிரம் மாத்திரை, அதுதான் குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யுமே, அது எடுக்கிறீர்களா? அப்படியானால் இருமல் மருந்தில்கூட ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ரொம்ப முக்கியம்.

தேவனாம்பட்டினத்தான்:
ராத்திரி தாங்க முடியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் போன் பண்ணுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

முதலியார்பேட்டைவாசி:
மாத்திரை எடுக்கிறேன் அக்கா, இருமல் மருந்து விஷயம் தெரியாது. நாளைக்கு வேறு வழியில் வருகிறேன், வந்து எழுதுகிறேன்.