ஃபைட்டர் மீன் வீட்டில் குஞ்சு பொரித்தபோது: வடசென்னை அனுபவங்கள்

பெரம்பூர்:
ஆண் ஃபைட்டர் மீன் முட்டைகளுக்காக நீர்மட்டத்தில் நுரையால் கட்டும் கூடு, தொட்டியில் மிதக்கவிடும் வாதாங்கொட்டை இலை, மற்ற முன்னேற்பாடு எல்லாம் இருக்கட்டும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஆண் மீன் பெண்ணை வளைத்துப் பிடித்திருந்த பிடி தளர்ந்ததும், பெண் பக்கவாட்டில் சாய்ந்து, அசைவே இல்லாமல் நீர்மட்டத்தில் மிதந்தது. செத்துவிட்டது என்று எண்ணி நான் வலையைக் கையில் எடுப்பதற்குள், வெள்ளை ரவைபோல் கீழே இறங்கிக்கொண்டிருந்த முட்டைகளை ஆண் ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி, மேலே கொண்டுபோய் நுரைக்குள் துப்பியது. அது மறுபடியும் இறங்கியபோது பெண் சட்டென்று உடலை உதறி நிமிர்ந்து, தானும் ஒரு முட்டையைக் கவ்வியது. கூட்டில் சேர்க்கவா, தின்னவா என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

வியாசர்பாடி:
என் மனத்தை விட்டு நீங்காதது குஞ்சு பொரித்த மறுநாள் காலை. கொசுப்புழு சோதனைக்கு வந்த பெண்மணி மாடிப்படியின் கீழிருந்த தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, புழுவுக்கு மூடி வேற போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே அதைக் கவிழ்க்கக் குனிந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நீந்தப் பழகாத குஞ்சுகள் நுரையடியில் வால் கீழாகத் தொங்கும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும், இவை தலை மேலாகத் தொங்குகின்றன என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையில், நழுவி விழுந்த ஒரு குஞ்சை அப்பன் மீன் வாயில் பிடித்துக் கூட்டில் சேர்த்தது. அவர் அதன்பின் தொட்டியை விட்டு நகரவே இல்லை; அடுத்த வீட்டுச் சோதனை அன்று வெகுநேரம் கழித்துத்தான் நடந்தது.

கொளத்தூர்:
பெரம்பூர் நண்பரின் ஐயத்துக்கு: சில பெண் மீன்கள் முட்டைகளைக் கூட்டில் சேர்ப்பதும் உண்டு, ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது, முட்டையிட்டு முடித்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் காவல் காக்கும் ஆணே அதன் துடுப்பைக் கிழித்துவிடும். எங்கள் வீட்டில் கிழிந்த துடுப்போடு பெண் மீன் இலைக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்ததைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். இனி பெண்ணை ஆணோடு விடுவதாக இருந்தால், அது முட்டையிடத் தயார் என்பதைக் காட்டும் செங்குத்துக் கோடுகளும் வயிற்றடியில் வெள்ளைப் புள்ளியும் தெரிந்த பிறகே விடுங்கள். தண்ணீர் 10 முதல் 15 செ.மீ. உயரம் போதும், ஆழம் கூடினால் முட்டை பொறுக்கும் ஆண் களைத்துப் போகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் அதை அப்படியே ஊற்ற வேண்டாம். குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிட்டு, இன்ஃபுசோரியாவும் (நீரில் வாழும் நுண்ணுயிர்கள்), பிறகு அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியாவும் (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிர்) கொடுங்கள். அவித்த மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றும் பழைய வழக்கம் தண்ணீரைக் கெடுப்பதற்கே உதவும். மூடியை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு சில வாரங்கள் கழித்தே உருவாகிறது, அந்தச் சமயத்தில் நீருக்கு மேலிருக்கும் காற்று வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை:
இவ்வளவும் சொன்ன கொளத்தூர்க்காரர், பிழைத்த குஞ்சுகளை எங்கே வைப்பது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கியதும் தனித்தனிப் பாட்டில்களில் பிரித்து, ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் அட்டை செருகி வைத்ததில் எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட இடமில்லாமல் போயிற்று. விற்கலாம் என்று வண்ணமீன் கடைகள் நிறைந்த உங்கள் கொளத்தூருக்கே எடுத்துச் சென்றேன். கடைக்காரர் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பி வாலைப் பார்த்துவிட்டு, "ஹாஃப்மூன் இருந்தா கொண்டாங்க, வெய்ல் டெயில் நம்மகிட்டயே நெறைய இருக்கு" என்று கையில் திருப்பிக் கொடுத்தார். வால் அரைவட்டமாக விரிந்தால் ஹாஃப்மூன், நீண்டு தொங்கினால் வெய்ல் டெயில். கடைசியில் தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து வாங்கிப் போனார்கள். ஒரே பாட்டிலில் இரண்டு ஆண் கேட்ட பையனை மட்டும் இன்னொரு பாட்டில் எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.