பாலிஷ் என்றால் எடுப்பதா, பூசுவதா? கார் வண்ணப் பராமரிப்புக்குச் சொல் தேவை (வெள்ளிக்குள்)

கயல்விழி, கோவை. திங்கள் காலை

சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

காரின் வண்ணப்பூச்சை வீட்டிலேயே துலக்கிக்கொள்ள விரும்புவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் என்ற மூன்று சொற்களில் வந்து நிற்கிறேன்.

முதல் இரண்டும் அரம்போல வேலை செய்பவை. பூச்சின் மேல்தோலைக் கொஞ்சம் எடுத்துவிடுகின்றன. காம்பவுண்ட் கரகரப்பானது, பாலிஷ் நைசானது. வாக்ஸ் எதையும் எடுப்பதில்லை, மேலே படர்ந்து காக்கிறது. ஆனால் கடையில் கேட்டால் மூன்றுக்கும் ‘பாலிஷ்’ என்ற ஒரே பெயர்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசலாம், தவறில்லை. அதே இடத்தில் ‘பாலிஷ் போடுங்கள்’ என்று நான் எழுதி, படிப்பவர் காம்பவுண்ட் புட்டியை எடுத்துவிட்டால், சில ஆண்டுகளில் மேற்பூச்சு பல்லிளித்துவிடும்.

அகராதிகள் மெருகூட்டல், மெருகேற்றல் என்கின்றன. ஊட்டினாலும் ஏற்றினாலும் ஒன்று கூடுகிறது என்றல்லவா பொருள்? இங்கே குறைகிறதே. உதவுங்கள்.

மாணிக்கம், தஞ்சாவூர். திங்கள் பிற்பகல்

அம்மா கயல்விழி, நல்ல கேள்வி. சொல் நம்மிடமே இருக்கிறது, மறந்துவிட்டோம். ‘ஒப்பம்’ என்பதே அது. தமிழ் லெக்சிகனைப் புரட்டிப் பாருங்கள். வழவழப்பு, மெருகு என்ற பொருள்கள் அங்கே உள்ளன. ஒப்பமிடுதல் என்றால் மெருகிடுதல்.

வேரைக் கவனியுங்கள். ஒத்தல், ஒப்பு, ஒப்பம்: மேடும் பள்ளமுமாக இருப்பதைச் சமமாக்குவது. ஊரோடு ஒத்து, பிறர்க்கு உதவி வாழ்வதைத்தானே வள்ளுவர் ஒப்புரவு என்றார்? அதற்கென ஓர் அதிகாரமே வைத்தார். ஒப்பனையும் இவ்வேரில் பிறந்ததே. ஒப்புக்கொள்ளல், ஒப்படைத்தல், ஒப்பாரி என்று நீளும் இந்தக் குடும்பத்தைப் பற்றித் தனி மடலே எழுதலாம். கரகரப்பானதை ‘வல்லொப்பம்’ என்றும் நைசானதை ‘மெல்லொப்பம்’ என்றும் வையுங்கள். வாக்ஸ் மெழுகுதான், அதில் விவாதமே வேண்டாம்.

சேகர், சேலம். திங்கள் இரவு

ஐயா, வணக்கம். வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். எங்களிடம் பள்ளம் நிரப்பும் பட்டி இருக்கிறது, தேய்க்கும் உப்புத்தாள் இருக்கிறது. இரண்டும் யாரும் குழு கூட்டிச் செய்த சொற்கள் அல்ல. காம்பவுண்டும் அப்படித்தான் நிலைத்துவிட்டது. வேலைக்கு வரும் பையன் முதல் நாளே அதைக் கற்றுக்கொள்கிறான். ‘வல்லொப்பம் எடுத்து வா’ என்றால் விழிப்பான். ஒப்பம் என்றால் இன்று கையெழுத்து, ஐயா. தாசில்தார் இடுவது.

அக்கா கேட்டது மட்டும் முழு உண்மை. வீட்டில் தாங்களே செய்து பார்த்துவிட்டு எங்களிடம் வரும் வண்டிகளில், பானெட்டின் ஓரத்திலும் கதவின் மடிப்புக்கோட்டிலும் பூச்சு போய் அடிநிறம் தெரியும். ஓர வளைவில் பூச்சு மெலிதாகத்தான் நிற்கும். மாஸ்கிங் டேப் ஒட்டாமல் பாலிஷ் மெஷினை அந்த இடத்தில் வைத்தால் சில நொடிகளில் போய்விடும். பிறகு பாலிஷால் ஒன்றும் செய்ய முடியாது, மறுபடி அடிக்க வேண்டியதுதான். அதற்கு எச்சரிக்கை எழுதுங்கள். பெயர் எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

ரகு, சென்னை. செவ்வாய் காலை

சேகர் சொன்னதற்குக் கணக்குச் சொல்கிறேன். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் உலோகத்துக்கு மேல் உள்ள எல்லா அடுக்கும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் மேலேயுள்ள நிறமற்ற அடுக்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. கீறலை நாம் அடைப்பதில்லை. கீறலின் அடிவரை சுற்றுப்புறத்தைத் தாழ்த்துகிறோம், கீறல் காணாமல் போகிறது. ஆகவே ‘சமமாக்கல்’ என்ற மாணிக்கம் ஐயாவின் வேர் விளக்கம் இயற்பியலோடு மிக நன்றாகப் பொருந்துகிறது. சொல் பொருந்துகிறதா என்பது வேறு.

ஒரு வேண்டுகோள். கையேட்டில் ‘சோதனை இடம்’ என்ற பகுதியை முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டு சாண் சதுரத்தில், இருப்பதிலேயே மென்மையான பாலிஷையும் மென்மையான பஞ்சையும் வைத்து முதலில் முயல வேண்டும். கீறல் போகாவிட்டால்தான் அடுத்த படி. எடுத்ததும் காம்பவுண்ட் போடுவதுதான் வீட்டில் நடக்கும் கெடுதல்களில் பாதி.

பூங்கோதை, மதுரை. செவ்வாய் மாலை

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துபவள் என்ற முறையில் என் பரிந்துரை ‘தீட்டுதல்’. அரிசியைத் தீட்டுகிறோம், தவிடு போகிறது. கத்தியைத் தீட்டுகிறோம், இரும்பு போகிறது. வைரத்தைப் பட்டை தீட்டுகிறோம், கல் போகிறது. எடுத்து அழகாக்கும் வினைக்கு இதைவிட நேரான சொல் உண்டா? தீட்டுப்பசை, நுண்தீட்டுப்பசை.

மாணிக்கம், தஞ்சாவூர். செவ்வாய் இரவு

ஓவியத்தையும் தீட்டுகிறோம், கண்ணுக்கு மையும் தீட்டுகிறோம். அங்கெல்லாம் ஒன்று சேர்கிறது, போகவில்லை. கயல்விழி எந்தக் குழப்பத்திலிருந்து தப்ப விரும்பினாரோ அதே குழப்பத்துக்குள் அவரைத் தள்ளுகிறீர்கள். வண்ணம் தொடர்பான பொருளில் ‘தீட்டு’ என்றால் வண்ணம் பூசுவது என்றுதான் எவரும் கொள்வர்.

சேகர் தம்பி, தாசில்தார் இடுவதும் ஒப்பந்தான், அதனால் சொல் செத்துவிடாது. ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடிய புறநானூற்றுப் பாட்டை (95) எடுங்கள். ‘நோன்காழ் திருத்தி நெய்யணிந்து’ என்கிறாள். நோன்காழ் என்றால் வலிய காம்பு. முதலில் திருத்துதல், அதன்பின் நெய் அணிதல். கயல்விழி பிரிக்க நினைக்கும் இரு வினைகளும் அந்த ஓரடியில் வரிசை மாறாமல் நிற்கின்றன. எடுப்பது திருத்தம், பூசுவது அணி. ஆங்கிலத்திலும் இந்த வேலைக்குத் திருத்தம் என்ற பொருளில்தான் பெயர் என்று ரகு முன்பொருமுறை எழுதினார்.

ரகு, சென்னை. புதன் காலை

ஆம், பெயின்ட் கரெக்ஷன். ‘வண்ணத் திருத்தம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது முழு வேலைக்கான பெயர். புட்டிக்குள் இருப்பதற்கு இன்னும் பெயர் இல்லை. ‘திருத்துப்பசை’ என்று எழுதினால் தட்டச்சுப் பிழையை மறைக்கும் வெள்ளை மை நினைவுக்கு வருகிறது.

இதே சாக்கில் இன்னொன்று. வெயிலில் கறுப்புக் கார் நின்றால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாகத் தெரியுமே, ஸ்வர்ல் என்கிறார்கள், அதை ‘சுழிக்கீறல்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்தக் கீறல்கள் வட்டமே அல்ல. பெரும்பாலும் துடைத்ததில் விழுந்த நேர்க்கோடுகள், எல்லாத் திசையிலும் கிடப்பவை. விளக்கின் பிம்பத்தைச் சூழ்ந்து குறுக்கே கிடக்கும் கோடுகள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன, மற்றவை மறைந்துவிடுகின்றன. அதனால் வட்டம்போல் தோன்றுகிறது. கைபேசியின் டார்ச்சைப் பானெட்டின் மேல் பிடித்து மெல்ல நகர்த்துங்கள்; வட்டமும் கூடவே நகரும். கீறல் நகருமா?

பூங்கோதை, மதுரை. புதன் காலை

அப்படியானால் ‘சுழல்கீறல்’ என்று வினைத்தொகையாக வைக்கலாமே? ‘சுழற்கீறல்’ என்றால்தான் சுழலை உடைய கீறல் என்று வேற்றுமைப் பொருள் வரும்.

மாணிக்கம், தஞ்சாவூர். புதன் நண்பகல்

வினைத்தொகை என்றால் சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் கீறல் என்று விரியும். ரகு இப்போதுதானே கீறல் சுழலவில்லை, நகரவும் இல்லை என்றார்? புணர்ச்சி சரி, பொருள் தவறு.

சேகர், சேலம். புதன் மாலை

நாங்கள் ‘துணிக்கோடு’ என்போம். காலையில் ஓட்டுநர் காய்ந்த மஞ்சள் துணியால் தூசியோடு சேர்த்து ஒரு தட்டுத் தட்டித் துடைப்பார் பாருங்கள், அதில் வருவதுதான் முக்கால்வாசி. முதலில் தண்ணீரடித்து மண்ணை இறக்க வேண்டும். பிறகு ஷாம்பு நீருக்கு ஒரு வாளி, கையுறையை அலச ஒரு வாளி. மேலிருந்து கீழே வரவேண்டும், சக்கரப் பக்கம் கடைசியில். இதைச் செய்தால் திருத்த வேண்டிய தேவையே பாதி குறையும். கழுவிய பிறகும் கை வைத்தால் நறநறவென்றால் க்ளே பார் எனக் காருக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் உருட்டி எடுக்க வேண்டும், வழுக்கும் திரவம் தெளித்துவிட்டு. கட்டி கீழே விழுந்தால் எடுக்கக் கூடாது, குப்பைதான்.

கயல்விழி, கோவை. புதன் இரவு

சேகர் தம்பி, ‘துணிக்கோடு’ அருமை. ஆனால் தானியங்கிக் கழுவகத்தின் தூரிகையாலும் வருகிறதே. அங்கே துணி இல்லை.

பெரியவர்களே, இன்னும் இரண்டு நாள்தான். இப்போதைய நிலை இது: வாக்ஸ் என்பது மெழுகு, முழு வேலை வண்ணத் திருத்தம். இவற்றை யாரும் மறுக்கவில்லை. கிளியர் கோட்டுக்கு ‘நிறமிலி மேற்பூச்சு’ என்று எழுதிவிட்டேன், அதற்கும் எதிர்ப்பு இல்லை. காம்பவுண்டைக் காம்பவுண்ட் என்றே விட எனக்கு மனமில்லை. நம் வாசகருக்கு அந்தச் சொல் முதலில் வீட்டுச் சுற்றுச்சுவரைத்தான் காட்டும். எடுப்பதா பூசுவதா என்பதைச் சொல்லாது. என் கவலை அது ஒன்றுதான்.

பூங்கோதை, மதுரை. வியாழன் காலை

இரவெல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன்: தேய்பசை. பற்பசையிலும் மெல்லிய தேய்ப்புத் துகள் உண்டு, ஆகவே ‘பசை’யில் தடையில்லை. தேய்ப்பதால் தேய்பசை. அதைவிட முக்கியம், காம்பவுண்டில் உள்ள அலுமினா துகள்கள் மெஷின் ஓட ஓடத் தாமும் உடைந்து நுணுகும் என்று படித்திருக்கிறேன். முதலில் வெட்டும், முடிவில் நைசாகும். தேய்க்கிறது, தேய்கிறது. இரண்டையும் ஒரே வினையடி தாங்குகிறது. வேறெந்த மொழியில் இது கிடைக்கும்?

மாணிக்கம், தஞ்சாவூர். வியாழன் காலை

தேய்ந்தது தன்வினை, தேய்த்தது பிறவினை. வினைத்தொகையில் ‘தேய்’ என்றால் தேய்பிறைபோலத் தன்வினையே முந்தி நிற்கும். பிறவினை வேண்டுமென்றால் ‘தேய்ப்புப்பசை’ என்றாக வேண்டும்.

பூங்கோதை, மதுரை. வியாழன் நண்பகல்

உரைகல் என்கிறோமே ஐயா? பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். உரைத்தல் செயப்படுபொருள் குன்றாத வினை. ஆனாலும் ‘உரைப்புக்கல்’ என்று எவரும் சொல்வதில்லை.

மாணிக்கம், தஞ்சாவூர். வியாழன் பிற்பகல்

உரைகல் நல்ல எடுத்துக்காட்டுத்தான், மறுக்கவில்லை. இலக்கணத் தடையை விலக்கிக்கொள்கிறேன். வழக்குத் தடை நிற்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். அங்கே தேய்த்தல் பூசுதலே. துணி தேய்க்கிறோம். அங்கே எடுப்பதும் இல்லை, பூசுவதும் இல்லை. ‘தேய்பசை’ என்று படிப்பவர் தைலம்போல் தடவிவிட்டு வந்துவிட்டால்?

ரகு, சென்னை. வியாழன் மாலை

எனக்கும் ஒரு திருத்தம் உண்டு. எல்லாக் காம்பவுண்டிலும் துகள் நுணுகுவதில்லை. கடைசிவரை அளவு மாறாத துகள் கொண்டவையும் இன்று நிறைய விற்கின்றன. அவற்றை அழுத்தம் குறைத்துத்தான் முடிக்க வேண்டும். ஆகவே பூங்கோதையின் இரண்டாவது பொருள் பாதிப் புட்டிகளுக்குத்தான் பொருந்தும். அதைக் கையேட்டில் சொல்விளக்கமாகப் போட்டுவிடாதீர்கள். படிப்பவர் ‘தானே நைசாகிவிடும்’ என்று மெஷினை ஒரே இடத்தில் ஓட்டிக்கொண்டிருப்பார், சூடேறிப் பூச்சு வெந்துவிடும். சொல்லை மட்டும் ஏற்கிறேன்.

சேகர், சேலம். வியாழன் இரவு

இன்று பட்டறைப் பையனிடம் ‘தேய்பசை’ என்றேன். உடனே காம்பவுண்டை எடுத்துக் கொடுத்தான். ‘ஒப்பம்’ என்றேன், பில் புத்தகத்தைக் கொண்டுவந்தான். மாணிக்கம் ஐயா மன்னிக்க வேண்டும்.

அக்கா, ஒரு விஷயம். பாலிஷ் போட்டு முடித்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். சில பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் இறங்கி மறைத்துக்காட்டும். நான்கு முறை கழுவினால் கீறல் திரும்பத் தெரியும். வாடிக்கையாளர் ஏமாற்றிவிட்டார்கள் என்பார். துடைத்த பிறகும் பளபளப்பு நின்றால்தான் வேலை முடிந்தது, அப்புறம்தான் மெழுகு. இவை எதையும் வெயிலில் செய்யக் கூடாது, பானெட் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும்.

கயல்விழி, கோவை. வெள்ளி பிற்பகல்

அனுப்பிவிட்டேன். கரகரப்பானது தேய்பசை, நைசானது நுண்தேய்பசை, மேலே பூசுவது மெழுகு. முதல் முறை வருமிடத்தில் ‘கடைகளில் காம்பவுண்ட் எனப்படும்’ என்று சேர்த்திருக்கிறேன். மாணிக்கம் ஐயாவின் தைல அச்சத்துக்காக ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும் ‘பூச்சை எடுக்கும்’, ‘பூச்சின் மேல் நிற்கும்’ என்ற இரண்டில் ஒன்றை அச்சிடச் சொல்லியிருக்கிறேன். ஸ்வர்லுக்கு நேரம் இல்லாமல் ‘வலைக்கீறல்’ என்று போட்டேன். சிலந்திவலைபோலத் தெரிவதால் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மாணிக்கம், தஞ்சாவூர். வெள்ளி மாலை

காலக்கெடுவுக்குக் கட்டுப்பட்டது சரி. குழுவின் சொற்பட்டியலில் தேய்பசைக்கு நேரே ‘ஒப்பம்’ என்பதையும் மாற்றுச்சொல்லாகப் பதியுமாறு பட்டியல் பொறுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பையனுக்குப் புரியவில்லை என்பது நூற்றாண்டுகள் வாழ்ந்த சொல்லைக் கைவிடக் காரணம் ஆகாது. பயன்படுத்தினால்தானே புரியும்? ஒப்புக் குடும்பம் பற்றிய மடலை அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

ரகு, சென்னை. வெள்ளி இரவு

வலைக்கீறலை என்னால் ஏற்க முடியவில்லை. வலையும் விளக்கின் கீழ் தெரியும் தோற்றம்தானே? சுழியை எந்தக் காரணத்துக்காக விலக்கினோமோ அதே காரணம் இதற்கும் பொருந்தும். அச்சகம் திங்கள்தான் தொடங்கும் என்றால் ‘துடைகீறல்’ என்று மாற்ற முடியுமா, கயல்விழி? தூரிகையும் துடைக்கத்தான் செய்கிறது.