மறு: வேலைநீக்கத்தை மற்ற ஊழியருக்குச் சொல்லும் அறிவித்தல் – கலைச்சொல்

கலைச்சொல் மடற்குழுவினருக்கு வணக்கம்.

ஒருவரை வேலையிலிருந்து நீக்கிய பிறகு மிச்சம் இருக்கிற ஊழியர்களுக்கு நிறுவனம் அனுப்புகிற மடலுக்கு இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: பிரிவு அறிவித்தல், விலகல் மடல், பணிநீக்க அறிவிப்பு. கிளிநொச்சியில் இருந்துகொண்டு கொழும்பு நிறுவனங்களின் ஊழியர் கைநூல்களைத் தமிழாக்குவது என் தொழில். இந்த மடல்களும் அடிக்கடி என்னிடம் வரும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், மூன்றுமே சரிவராது.

'பிரிவு' என்றால் வன்னியில் முதலில் நினைவுக்கு வருவது பிரதேச செயலாளர் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு, கணக்குப் பிரிவு. அடுத்தது சாவு. பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தைத் தினமும் பார்க்கிற ஊரில் 'பிரிவு அறிவித்தல்' என்று ஒட்டினால் எப்படி வாசிப்பார்கள்? ஏற்கெனவே பட்டிருக்கிறோம். தலைமையகத்தின் ஆங்கில மடலை ஒரு கிளையில் யாரோ 'அவர் இனி எம்முடன் இல்லை' என்று வரிக்கு வரி தமிழாக்கி ஒட்டிவிட, 'எப்ப நடந்தது, செத்தவீடு எங்கே?' என்று எனக்குத் தொலைபேசி வந்தது. ஆள் பரந்தனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

'விலகல்' கணிதம் படித்த பிள்ளைகளுக்கு நியம விலகல் (standard deviation). அதை விடுவோம், சூழல் பார்த்து விளங்கிக்கொள்வார்கள். என் மறுப்பு வேறு. விலகல் என்றால் அவராகவே போனார். ஊரில் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறோம்: 'அவர் வேலையால நிண்டிட்டார்', 'அவரை வேலையால நிப்பாட்டிப்போட்டினம்'. விலகு, விலக்கு, நீங்கு, நீக்கு, அகல், அகற்று. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்ததுதான். யார் செய்த வேலை என்பதை வினைச்சொல்லே சொல்லிவிடுகிறது. நீக்கப்பட்டவரை 'விலகினார்' என்று எழுதுகிற நிறுவனம் மழுப்பவில்லை, பொய் சொல்கிறது.

ஆங்கிலத்தில் மழுப்பலுக்கும் பெரிய வரலாறு உண்டு. 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், நோக்கியாவிலிருந்து வாங்கிய கைபேசிப் பிரிவில் 12,500 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்ன மடல் ஒரு சாதாரண முகமனோடு ஆரம்பமாகி, வியூகம், சந்தை என்று பல பந்திகள் போன பிறகே அந்த எண்ணுக்கு வந்தது. 2023 ஜனவரியில் சுந்தர் பிச்சை கூகுளில் 12,000 என்று எழுதியபோது விஷயத்தை முதலிலேயே சொன்னார். ஆனால் அவர் கணக்கில் குறைந்தவை பதவிகள், ஆட்கள் அல்ல. மறுபக்கத்தில் அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல்லின் தலைவர் 2013 ஓகஸ்டில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கேட்டுக்கொண்டிருந்த தொலைபேசிக் கூட்டத்தில் ஒருவரை அந்த இடத்திலேயே நீக்கினார். அங்கே நீக்கமும் அறிவித்தலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டன. பிறகு மன்னிப்பும் கேட்டார்.

நம் பக்கத்துக்கு வருவோம். போருக்குப் பிறகு வன்னிக்கு வந்த நுண்கடன் நிறுவனங்களில் வெளிக்கள உத்தியோகத்தர்தான் நிறுவனத்தின் முகம். மோட்டார் சைக்கிளில் மல்லாவிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் போய், கிழமைத் தவணைப்பணம் வாங்கி, பற்றுச்சீட்டுத் துண்டு கொடுத்துவிட்டு வருவார். அவரை நீக்கினால் படத்தோடு பத்திரிகையில் பொது அறிவித்தல் வரும்: 'படத்தில் உள்ளவர் எமது நிறுவனத்தில் கடமையில் இல்லை, அவருடனான கொடுக்கல் வாங்கல்களுக்கு நாம் பொறுப்பல்ல.' அது ஊருக்கு. பக்கத்து மேசைக்காரருக்கு? ஒரு நிதி நிறுவனக் கிளையில் அடுத்த மேசைப் பிள்ளை விஷயத்தை அறிந்தது, தவணைப்பணம் கட்ட வந்த அம்மா ஒருவர் பத்திரிகையைக் காட்டியபோதுதான். நீக்கப்பட்டவருடைய கோப்புகள் யாரிடம், அவர் கொடுத்த துண்டுகள் செல்லுமா, அடுத்த கிழமை ஒட்டுசுட்டானுக்கு யார் போவது? ஒன்றுக்கும் அங்கே பதில் இல்லை.

நமக்குப் பெயர் தேவைப்படுவது அந்த இடைவெளியில் இருக்கவேண்டிய தாளுக்கு. மூன்று தாள்களையும் பிரித்துப் பாருங்கள்; 'பணிநீக்க அறிவிப்பு' இவற்றில் எது என்று சொல்வதில்லை. நீக்கப்பட்டவருக்குப் போவது கடிதம். வேலைநீக்கம் பற்றிய இலங்கையின் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நீக்கினால் நீக்கிய நாளுக்குப் பின்வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். பதினைந்து பேருக்குக் குறைந்த இடங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஊருக்குப் போவது பொது அறிவித்தல். உள்ளே இருப்பவர்களுக்குப் போவதை நான் 'நீக்க அறிவித்தல்' என்பேன். காரணம் கடிதத்தோடு நிற்கட்டும்; நீக்கியது என்ற செய்தியும் அவர் வேலையை இனி யார் பார்ப்பார் என்பதும் அறிவித்தலில் வரட்டும். தானாகப் போனவருக்கு 'விலகல் அறிவித்தல்', கூட்டமாக நிப்பாட்டினால் 'ஆட்குறைப்பு அறிவித்தல்'. எல்லாவற்றையும் மூடுகிற பொதுச்சொல் ஒன்று வேண்டாம். அது கிடைத்தால் நிறுவனங்கள் அதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும்.

– கிளிநொச்சி

*

கிளிநொச்சி ஐயாவுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் 'பணிநீக்க அறிவிப்பு' என்றால் தொழிலாளிக்கே கொடுக்கும் நோட்டீஸ் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அறிவித்தல், அறிவிப்பு இரண்டும் எங்கள் காதுக்கு ஒன்றே. உங்கள் சொல் இங்கே குழப்பும்.

இன்னொன்று. எங்கள் ஐ.டி. நிறுவனங்களில் பெரும்பாலும் நீக்குவதே இல்லை. அறைக்குக் கூப்பிட்டு, ராஜினாமா எழுதிக் கொடுங்கள், அனுபவச் சான்றிதழ் நல்லபடியாகத் தருகிறோம் என்பார்கள். ஃபைலில் அவர் விலகியவர். உங்கள் பட்டியலில் அவருக்கு எந்த அறிவித்தல்?

– சென்னை

*

தம்பி, முதல் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இங்கே அறிவித்தல் என்றால் பலருக்குச் சொல்வது: கோயில் ஒலிபெருக்கி, கூட்டுறவுச் சங்கப் பலகை. ஒருவருக்குச் சொல்வதைக் கடிதம் என்போம். உங்களுக்கு அந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் 'உள்ளக நீக்க அறிவித்தல்' என்று ஒரு சொல் முன்னால் சேர்க்கலாம். உள்ளகக் கணக்காய்வு (internal audit) என்கிறோமே, அந்த உள்ளகம். நீளம்தான். அகராதியில் முழுசாகப் போட்டுவிட்டு அலுவலகத்தில் சுருக்கிக்கொள்ளட்டும்.

இராஜினாமா விஷயம் இங்கேயும் அப்படித்தான். தாளில் இராஜினாமா என்றிருந்தால் அறிவித்தலும் விலகல் என்றுதான் வரும், கலைச்சொல்லால் அதைத் தடுக்க முடியாது. வற்புறுத்தி வாங்கிய இராஜினாமாவை வேலைநீக்கமாகவே கொண்டு இங்கே வேலைப் பிணக்குகளை விசாரிக்கிற தொழில் நியாயசபைக்குப் போகலாம், ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். கைநூலில் 'விலகல்' என்ற பதிவுக்குக் கீழே இதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லிப் பார்க்கிறேன். தலைமையகம் வெட்டிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

நம் பட்டியலில் விடுபட்டவர்கள் வேறு இருக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் மேன்பவர் ஏஜென்சி (ஆள் வழங்கும் நிறுவனம்) ஊடாக வரும் பிள்ளைகள். அவர்களுக்குக் கடிதமும் இல்லை, அறிவித்தலும் இல்லை. 'நாளைக்கு வரவேண்டாம்' என்று ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும். லைனில் பக்கத்தில் நின்று தைத்தவளுக்கு அடுத்த நாள் காலையில்தான் தெரியும். அந்த நடைமுறைக்குப் பெயர் வைப்பதா, வேண்டாமா? வைத்தால் நாமே அதை ஒரு முறையாக்கிவிடுவோமோ என்று யோசனையாக இருக்கிறது. மட்டக்களப்பு அக்கா ஆடைத் தொழிற்சாலைச் சொற்பட்டியல் ஒன்று செய்துகொண்டிருக்கிறா, அவவின் கருத்தைக் கேட்டுவிட்டுத் தனி இழை தொடங்கலாம்.

– கிளிநொச்சி