ஐபிஓ பாதுகாப்பு உத்தரவு வாங்கிவிட்டோம், தங்கச்சி வீட்டுக்காரர் கையில் இன்னும் சேரவில்லை

தோட்டத்து அக்கா:
எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தங்கச்சி செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறாள். வீட்டுக்காரர் அடி தாங்க முடியாமல் போலீஸ் ரிப்போர்ட் செய்தாள். பிறகு சமூக நல இலாகா அதிகாரியோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய் ஐபிஓ, அதாவது இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு, வாங்கினோம். இரண்டு வாரம் ஆகிறது. போலீஸ் இரண்டு முறை எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார்கள், அவர் இல்லை. ஈப்போவில் அண்ணன் வீட்டில் இருக்கிறாராம். ஆனால் விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு, நடக்கும் இடத்துக்கு வந்து, மோட்டாரை அணைக்காமல் எதிரே நிற்கிறார். கேட்டால் "எனக்கு ஒரு கடுதாசியும் வரலையே" என்கிறார். அவள் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்திருக்கிறாள். நானே ஒரு நகலை அவர் கையில் கொடுத்துவிடலாமா?

பாகாவ் அக்கா:
வேண்டாம்மா, கொடுக்காதே. உத்தரவைச் சேர்ப்பது போலீஸ் வேலை. நீ கொடுக்கப் போனால் அங்கேயே சண்டை வரும், உன் மேலும் கை விழும். நான் பட்டதைச் சொல்கிறேன்: என் வீட்டுக்காரரும் இப்படித்தான் நழுவினார். விசாரணை அதிகாரியை நேரில் பார்த்து, ஈப்போ விலாசம், மோட்டார் நம்பர், பெரட்டுக்கு வரும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடு. "வீட்டில் இல்லை" என்று திரும்பியவர்கள், நேரமும் இடமும் தெரிந்ததும் காலையிலேயே போய்க் கையில் கொடுத்தார்கள். அதுவரை அவர் வந்து நிற்கும் ஒவ்வொரு நாளும் தேதி போட்டுக் குறித்து வை. மிரட்டினால் மறுபடி ரிப்போர்ட் செய். கை நீட்டினால் உடனே 999-க்குக் கூப்பிடு. அடிப்பது, உத்தரவு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் குற்றம்தான்.

நல இலாகாவில் இருந்தவர்:
அக்கா சொன்னது சரி. இன்னும் சில விஷயம். ஐபிஓ போலீஸ் விசாரணைக் காலத்துக்கு மட்டும்தான். விசாரணை முடிந்து வழக்கு இல்லை என்று எழுத்தில் சொல்லிவிட்டால் அதுவும் முடிந்துவிடும். அவர் மேல் குற்றம் சாட்டினால் தாமதிக்காமல் பிஓ, அதாவது பாதுகாப்பு உத்தரவு, கேளுங்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான், ஐபிஓ இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். பிஓ கேட்கும்போது வேலை செய்யும் இடத்துக்கும் அவர் வரக்கூடாது என்று சேர்க்கச் சொல்லுங்கள். மீறினால் கைது செய்யும் அதிகாரத்தையும் சேர்க்கக் கேளுங்கள். பிஓ அதிகபட்சம் 12 மாதம். முடியும் முன்பே நீட்டிப்பு கேட்டால் இன்னும் 12 மாதம் வரை கோர்ட் கொடுக்கலாம். இடையில் அவர் மீறவில்லை என்பதற்காக மறுக்க வேண்டியதில்லை, அவளுடைய பாதுகாப்புக்குத் தேவை என்று தெரிந்தால் போதும். இதெல்லாம் 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தில் இருக்கிறது.

இன்றைக்கே ஆபத்து என்றால் இபிஓ, அதாவது அவசரப் பாதுகாப்பு உத்தரவு, என்று ஒன்று உண்டு. நல இலாகா அதிகாரியே கொடுப்பார், போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை, ஏழு நாள் செல்லும். தாலியான் காசே என்ற உதவி எண் 15999-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

தோட்டத்து அக்கா:
விசாரணை அதிகாரியிடம் மோட்டார் நம்பரோடு எழுதிக் கொடுத்தேன். இன்று ஐந்தே முக்காலுக்குப் பெரட்டிலேயே வைத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் பார்த்தார். தங்கச்சி மத்தியானம் கூப்பிட்டு, ரொம்ப நாளுக்கு அப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்றாள். அடுத்து பிஓ விஷயமாக நாளைக்கே நல இலாகா போகிறோம்.