உங்களுக்கு வாய்த்த கண்ட்ரோலர் யார்? அனுபவங்களை எழுதுங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து, தொடங்குபவர்:

பையன் விளையாட்டுக்குக் கண்ட்ரோலர் வாங்கித் தரச் சொல்லி ஒரு வாரமாக நச்சரிக்கிறான். அந்தச் சொல்லைக் கேட்டாலே என் அப்பாவின் முகம் கோணுகிறது. அவருக்கு நினைவு வருவது கோர்ட்டு வாசல். உங்களில் யார் யாருக்கு எந்தக் கண்ட்ரோலர் வாய்த்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஈரோடு, ஜவுளிக் கடைக்காரர்:

உங்கள் அப்பாவுக்கு என் அனுதாபங்கள். மணிக்கூண்டுப் பக்கம் எங்கள் அப்பாரு காலத்திலிருந்து ஒரு வாடகைக் கடை. கட்டடக்காரர் காலமானதும் அவருடைய மகன் பொறுப்புக்கு வந்தார். வாடகையைக் கொண்டுபோனால், "அவசரம் ஒன்றும் இல்லைங்க, அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்" என்பார். அவ்வளவு மரியாதை! அப்படியே சில மாதங்கள் சேர்ந்துவிட்டால், வேண்டுமென்றே பாக்கி வைத்தான் என்று, வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் ரென்ட் கண்ட்ரோலரிடம் மனுப் போட்டுக் காலி செய்ய வைக்கலாம் அல்லவா?

அப்பாவைக் காப்பாற்றியவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. அவர் சொல்லிக்கொடுத்த வரிசை எனக்கு இன்னும் மனப்பாடம். எந்த வங்கியில் கட்டுவது என்று பத்து நாளுக்குள் தெரிவிக்கும்படி முதலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் வாடகையை மணியார்டரில் அனுப்ப வேண்டும். கமிஷனை அதிலேயே கழித்துக்கொள்ளலாம். அதையும் வாங்க மறுத்தால்தான் கண்ட்ரோலர் முன்னால் பணத்தைக் கட்ட வழி திறக்கும். 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இது. நடுவில் ஒரு படியை விட்டுவிட்டு நேராகக் கண்ட்ரோலரிடம் போனவர்களிடம் உச்ச நீதிமன்றமும் இரக்கம் காட்டவில்லை.

கண்ட்ரோலர் என்றதும் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி என்றுதான் அப்பா எண்ணியிருந்தார். போய்ப் பார்த்தால் மாவட்ட முன்சீப். கறுப்பு அங்கியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார் என்று குமாஸ்தா வெகுநாள் சொல்லிச் சிரிப்பார். திரும்பி வந்த மணியார்டர்ப் படிவத்தைக் கல்லாப்பெட்டியில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தோம். கடை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. தீபாவளிக்குக் கட்டடக்காரர் வீட்டிலிருந்து பலகாரமும் வருகிறது.

திருப்பூர், சாயப்பட்டறை:

இங்கே கண்ட்ரோலர் என்றால் துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தின் பக்கத்தில் மாட்டியிருக்கும் பெட்டி. எத்தனை டிகிரி, நிமிடத்துக்கு எவ்வளவு சூடேற வேண்டும், எப்போது உப்பு, எப்போது சோடா என்று எல்லாம் அதற்குள் எழுதி வைத்திருப்போம். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் பெரும்பாலும் 60 டிகிரியில் ஓடும், பாலியெஸ்டருக்கு 130. தண்ணீர் 130 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கிறது என்றால் உள்ளே அழுத்தம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். அதனால் சூடும் அழுத்தமும் இறங்கும்வரை கண்ட்ரோலர் மூடியைத் திறக்க விடாது. புதிதாக வரும் பையன்கள் அதைத்தான் திட்டுவார்கள்.

ஒருமுறை ஒரே நிறம் லாட்டுக்கு லாட் வேறாக வந்தது. திரையில் 60 என்றுதான் காட்டியது. எல்லோரும் சாயத்தைச் சந்தேகித்தார்கள், பிறகு தண்ணீரை, பிறகு (வழக்கம்போல) இரவு ஷிப்டுக்காரரை. எங்கள் டையிங் மாஸ்டர் மட்டும் மல்ட்டிமீட்டரை எடுத்துவரச் சொன்னார். உள்ளே சூட்டை அளப்பது பிளாட்டினம் சென்சார்: அதன் மின்தடை பூஜ்ய டிகிரியில் 100 ஓம், 60 டிகிரியில் ஏறக்குறைய 123 ஓம் காட்ட வேண்டும். இணைப்பு துருப்பிடித்திருந்ததால் மின்தடை கூடிப்போய், உண்மையான சூட்டைவிட அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்தது. கண்ட்ரோலரோ தனக்குச் சொல்லப்பட்ட பொய்யை நம்பி நீராவியை முன்கூட்டியே நிறுத்தியது. இரவு ஷிப்டுக்காரரிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்றால், இல்லை.

கொடுமுடி, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்:

ஈரோடு–கரூர் ஒற்றைப் பாதை. எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகளில் எதை எந்த ஸ்டேஷனில் நிறுத்தி எதை விடுவது என்பதை செக்‌ஷன் கண்ட்ரோலர் முடிவு செய்வார். 2007 நவம்பரில் சேலம் கோட்டம் பிறந்ததிலிருந்து அவர் இருப்பது சேலத்தில். சிக்னலை இயக்குவது ஸ்டேஷன் மாஸ்டர்தான். அதனால் பாசூரிலோ ஊஞ்சலூரிலோ பாசஞ்சர் வண்டி நின்றால் ஜனங்கள் ஏசுவதும் ஸ்டேஷன் மாஸ்டரைத்தான். "கண்ட்ரோல் பிடித்து வைத்திருக்கிறது" என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வருடக்கணக்கில் குரலை மட்டுமே கேட்டுப் பழகிய ஒரு கண்ட்ரோலரைப் பணி ஓய்வு விழாவில் பார்த்தேன். அந்தக் கணீர்க் குரலுக்கு ஆறடி ஆளை எதிர்பார்த்திருந்தேன். என் தோளுக்குத்தான் வந்தார்.

கோவை, முன்னாள் மாணவி:

என் மதிப்பெண் பட்டியலில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் (கண்ட்ரோலர் ஆஃப் எக்ஸாமினேஷன்ஸ்) கையெழுத்து இருக்கிறது. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிய அனுபவத்தைத் தனியாக எழுத வேண்டும். இங்கே வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறும்.

சிவகிரி, மஞ்சள் விவசாயி:

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது அல்லவா? சட்டப்படி அதற்குப் பதிவாளர் காப்புரிமை கண்ட்ரோலர் ஜெனரல். மண்டியில் விலை பேசும்போது அவர் பேரைச் சொல்லிப் பார்த்தேன். வியாபாரி ஒரு கிழங்கை ஒடித்து நிறத்தைப் பார்த்துவிட்டு அதே விலையைத்தான் சொன்னார்.

கோபிசெட்டிபாளையம்:

ஈரோட்டு அண்ணனுக்கு ஒரு கேள்வி. இன்றைக்கும் ரென்ட் கண்ட்ரோலரிடம்தான் போக வேண்டுமா?

ஈரோடு, ஜவுளிக் கடைக்காரர்:

இல்லைங்க தம்பி. 2017ஆம் ஆண்டுப் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது வாடகை அதிகார அமைப்பும் வாடகை நீதிமன்றமும்தான். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும். அப்போது நிலுவையில் இருந்த வழக்குகள் மட்டும் பழைய சட்டப்படியே நடக்கும். அப்பாவின் வழக்கு எந்த வருடத்தது என்று கேட்டுச் சொல்லுங்கள்.