ஆன்லைன்ல படிச்சா பிள்ளைக்குப் பொறுப்பு வருமா? எங்க வீட்ல வந்திருக்கு

அம்பத்தூர்_அம்மா:
போன வாரம் இங்கே ஒருத்தர் "ஆன்லைன் படிப்புன்னா போனை நோண்டுறதுதான்"னு எழுதியிருந்தார். அதுக்குத்தான் இந்தப் பதில். என் பையன் ஒன்பதாவது முடிச்சதும் அவன் படிச்ச தனியார் பள்ளியில கூப்பிட்டு, "டிசி வாங்கிக்கோங்க, பத்தாவதுல எங்க 100 சதவீதம் போயிடும்"னாங்க. என்ஐஓஎஸ்ல (தினமும் பள்ளிக்கூடம் போகாமலே பத்தாவது எழுதற தேசியத் திறந்தநிலைப் பள்ளி) சேர்த்தோம், பாடத்துக்கு ஆன்லைன் வகுப்பு. முதல் மூணு மாசம் எழுப்பி, உட்கார வெச்சு, பின்னாடியே நின்னேன். அப்புறம் என்னை ஆபீஸுக்கு நேர்ல வரச் சொல்லிட்டாங்க. விட்டுட்டேன்.

டிஎம்ஏன்னு வீட்லயே எழுதிக் கொடுக்கற ஒப்படைப்பு உண்டு, தியரி மார்க்குல 20 சதவீதம் அதுக்கு. ஒரு பாடத்துக்குக் கடைசித் தேதியைக் கோட்டை விட்டான். அழுதான். நான் எதுவும் பண்ணலை. அதுலேர்ந்து தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் மறுநாள் வேலையை எழுதி வெக்கறான். முடிச்சதும் மளிகைக்கடை பில் மாதிரி கம்பியில குத்தறான். கம்பி முக்கால்வாசி நிறைஞ்சாச்சு. இதை எந்தப் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்துச்சு?

வியாசர்பாடி_வாத்தியார்:
தம்பி தேறிவந்ததில் எனக்கும் சந்தோஷம்தான் அம்மா. அதை ஆன்லைன் கணக்கில் எழுதாதீர்கள் என்பதுதான் என் சண்டை. அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவன் நான். 2020 மார்ச்சில் பள்ளி மூடியது. ஒன்பதாம் வகுப்புக்குக் கதவு திறந்தது 2021 பிப்ரவரியில். அதுவரை வாட்ஸப்பில்தான் வகுப்பு, வாரம் இரண்டு நாள் கூகுள் மீட். ஒரு பையனுடைய அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். காலை 6 மணிக்குப் போன் அவரோடு போய்விடும், இரவு 9 மணிக்கு வரும். 9.30-க்கு எனக்கு விடைத்தாள் படம் வந்துவிடும். அவனுக்குப் பொறுப்பு ஏற்கெனவே இருந்தது, போன்தான் இல்லை.

இன்னொரு பிள்ளை மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். குக்கர் விசில் கேட்கிறது. பின்னால் பாட்டி: "இன்னும் ரெண்டு விட்டதும் இறக்கிடு, தம்பிக்குத் தட்டு வை." நான் காரணிப்படுத்தல் நடத்திக்கொண்டிருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு அந்த வருடம் பொறுப்பு நிறையவே வந்தது, நீங்கள் சொல்கிற பொறுப்புதான் வரவில்லை. வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறவளை யாரும் அடுப்படிக்குக் கூப்பிட முடியாது. நாலு சுவருக்கு அப்படி ஒரு வேலை இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஓஎம்ஆர்_2பிஎச்கே:
நாற்பது வயசுல நானே வீட்லேர்ந்து வேலைன்னா லாகின் பண்ணி, மவுஸை அப்பப்ப ஆட்டி வெச்சுட்டுத் தூங்கறேன். பதினஞ்சு வயசுப் பையன்கிட்ட என்னத்த எதிர்பாக்கறது?

அம்பத்தூர்_அம்மா:
சார், கொரோனா காலத்துல நடந்தது வேற. பள்ளிக்கூட டைம்டேபிளை அப்படியே போன்ல ஏத்துனாங்க. நான் சொல்றது, எப்ப படிக்கணும்னு பிள்ளையே முடிவு பண்ற படிப்பு. வருஷத்துக்கு ரெண்டு தடவை பரீட்சை, அஞ்சு வருஷத்துக்குள்ள ஒன்பது வாய்ப்பு. கணக்கை அக்டோபருக்குத் தள்ளினது அவன் முடிவு, என்னைக் கேக்கலை. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குத் தனியா பஸ் மாறிப் போறான். சுதந்திரம்னா இதானே?

தூங்குமூஞ்சி:
அக்கா, பஸ்ஸை மட்டும் விட்டுடுங்க ப்ளீஸ். கண்ணகி நகர் ஹவுசிங் போர்டு பசங்க பாஸைக் காட்டித் தனியாத்தான் ஸ்கூலுக்குப் போறாங்க, அதுக்கெல்லாம் யாரும் போஸ்ட் போடறதில்ல.

நான் அந்த 2020 ஒன்பதாவது பேட்ச். வீடியோவை ஆஃப் பண்ணிட்டு போர்வைக்குள்ள இருந்தே "எஸ் மிஸ்". நான் தூங்கினா என் பேர்ல உள்ள போக ஒரு நண்பன், அவன் தூங்கினா நான். பிப்ரவரியில ஆல் பாஸ்னு அறிவிச்சப்ப துள்ளிக் குதிச்சோம். பத்தாவதுல சார் போர்டுல இருபடிச் சமன்பாடு போட்டார், மொத்த பெஞ்சும் முழிச்சுது.

இப்ப ஐஐடி மெட்ராஸோட ஆன்லைன் டேட்டா சயின்ஸ் டிகிரி படிக்கறேன். நாங்க போர்வைக்குள்ள கிடந்த அதே 2020-லதான் அதையும் ஆரம்பிச்சிருக்காங்க. அதே லேப்டாப், அதே கட்டில், அதே நான். ஆனா வாராவாரம் அசைன்மென்ட் மூடிடும், பரீட்சைக்கு சென்டருக்கு நேர்ல போகணும். என் பேர்ல நண்பன் போக முடியாது. அதனால தூங்கறதில்ல. உங்க பையனுக்கும் டிஎம்ஏ கையை விட்டுப் போனப்புறம்தானே பொறுப்பு வந்துச்சு? ஆன்லைன் எங்க வந்துச்சு இதுல?

அம்பத்தூர்_அம்மா:
சரிதான் தம்பி, பாதி ஒத்துக்கறேன். ஆனா ஸ்கூல்ல இருந்திருந்தா மிஸ் டைரியில எழுதி, எனக்கு போன் பண்ணி, ராத்திரி நானே உட்கார்ந்து அதை எழுதிக் கொடுத்திருப்பேன். (அஞ்சாவதுல அவன் கொண்டுபோன தெர்மாகோல் எரிமலை முழுக்க என் கைவேலை.) இங்கதான் கோட்டை விட இடம் கிடைச்சுது. அங்க கோட்டை விட்டவனுக்கு டிசி.

வியாசர்பாடி_வாத்தியார்:
அந்த டிசியோடு எங்களிடம்தான் வருகிறார்கள், சேர்த்துக்கொள்கிறோம். கோட்டை விட்டவனை உட்கார வைத்துத் திரும்ப எழுத வைக்கிற இடமும் பள்ளிதான். பி.டி. பீரியடில் சட்டையைப் பிடித்துக்கொண்டவன், அடுத்த பீரியடில் அவனிடமே காம்பஸ் கேட்டாக வேண்டும். அது உங்கள் காலண்டர் தாளில் ஏறாது.

இதில் நான் மாறப் போவதில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் குக்கர் பிள்ளை, 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது பத்தாவதுக்கு வரவில்லை. இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். போன வாரம் புடவை எடுத்துப் போட்டுக்கொண்டே, "இனிமே பத்தாவது எழுத முடியுமா சார்" என்றாள். உங்கள் வழியில் முடியுமா?

அம்பத்தூர்_அம்மா:
தாராளமா முடியும் சார். 14 வயசு முடிஞ்சிருந்தா போதும், அதுக்கு மேல வரம்பே இல்ல. அஞ்சு பாடம், தமிழ்லயே எழுதலாம். பையன்கிட்ட சொன்னேன். "அந்த அக்காவே ஃபார்ம் போடட்டும், எங்க மாட்டிக்குதோ அங்க மட்டும் சொல்றேன்"ங்கறான். ஆனா வகுப்புக்கு போன் வேணுமே, அந்தப் பொண்ணுகிட்ட இருக்கா?

வியாசர்பாடி_வாத்தியார்:
இருக்கிறது, சம்பளத்தில் வாங்கியது. கடைக்குள் தொடக் கூடாதாம். இரவு 10 மணிக்கு மேல்தான் கைக்கு வரும்.